சாமரம் வீசுகிறவளுக்கும் ஒரு திட்டம் இருக்கும்

காரைக்குடி வட்டாரத்தில் சரித்திர நாவல் எழுதுகிறவர்களுக்கும், அவற்றுக்குப் பரிசு கொடுக்கும் நடுவர்களுக்கும்,

வணக்கம்.

சோழர் கால நாவல் என்றால் முதல் அத்தியாயத்திலேயே குதிரை வந்துவிடுகிறது. அடிமைப் பெண் வர இருநூறு பக்கமாகும். வந்தாலும் சாமரம் வீசுவாள், ஓலை கொண்டுபோவாள், இளவரசிக்காகச் செத்தும் போவாள். கொஞ்சம் மனமிரங்கிய எழுத்தாளர் அவளை அழவிடுவார். அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டு எல்லாவற்றையும் தாங்கிக்கொள்வாள். அதற்குப் பின்னட்டையில் 'மன உறுதி' என்று பேர் போட்டுவிடுகிறீர்கள். எனக்கு அது ஒப்பவில்லை. தாங்கிக்கொண்டதைத் தவிர அவள் வேறென்ன செய்தாள் என்று யாராவது எழுதுங்களேன்.

ஹாரியட் ஜேக்கப்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில், வட கரோலினாவின் ஈடன்டன் என்ற சிற்றூரில் 1813இல் அடிமையாகப் பிறந்தவர். எஜமானின் தொல்லை பொறுக்காமல் 1835இல் தலைமறைவானார். எங்கே? அதே ஊரில், பாட்டி வீட்டுப் பரணில். ஒன்பதடி நீளம், ஏழடி அகலம், உயரமான இடத்தில் மூன்றடி. நம் வளவு வீடுகளில் அண்டா குண்டான் ஏற்றிவைக்கிற பரணே இதைவிடத் தாராளம். அங்கே கையில் தட்டுப்பட்ட ஒரு துறப்பணத்தால் பலகையில் வரிசையாகத் துளையிட்டு, ஓரங்குல அகலத்துக்கு ஒரு திறப்பு உண்டாக்கிக்கொண்டார். அதன் வழியே தன் பிள்ளைகளைப் பார்ப்பார், கூப்பிட முடியாது. கிட்டத்தட்ட ஏழு வருஷம் இப்படி.

எனக்குப் பிடித்தது அதுவல்ல, அவர் செய்த தந்திரம். பரணில் இருந்தபடியே எஜமானுக்குக் கடிதம் எழுதி, அது நியூயார்க் தபால் முத்திரையோடு அவன் கைக்குப் போய்ச் சேரும்படி ஏற்பாடு செய்தார். அடிமை முறை இல்லாத வட மாநிலங்களுக்கு அவள் ஓடிவிட்டாள் என்று அவனும் நம்பினான். 1842இல் கப்பலேறித் தப்பி, 1861இல் தன் கதையைப் புனைபெயரில் வெளியிட்டார். அதையும் வெறும் கற்பனை என்று பல ஆய்வாளர்கள் நெடுங்காலம் ஒதுக்கியே வைத்திருந்தார்கள். அடிமைப் பெண்ணுக்கு இவ்வளவு மூளை இருக்குமா என்ற சந்தேகமும் அதில் கலந்திருக்கும் என்பது என் ஊகம்.

அதெல்லாம் வெள்ளைக்காரன் தேசத்துச் சமாச்சாரம் என்பீர்கள். அப்படியென்றால் 1843ஆம் வருஷத்து அடிமை ஒழிப்புச் சட்டம் இங்கே எதற்கு வந்ததாம்?

மூன்றாம் குலோத்துங்கன் காலம், 1201. பஞ்சம். திருவாரூர்ப் பக்கத்துத் திருப்பாம்புரம் கோயிலுக்கு ஒரு வேளாளர் தன்னையும் தன் இரண்டு மகள்களையும் 110 காசுக்கு விற்றுக்கொண்டதாகக் கல்வெட்டு இருக்கிறது. வட்டிக் கணக்கில் வளர்ந்த ஊர் நம்முடையது. அந்தக் காசுக்கு எத்தனை நாள் கஞ்சி குடித்திருக்க முடியும் என்று யாரும் கேட்கவில்லையே? நெல் குத்தும்போது அக்காளும் தங்கையும் என்ன பேசிக்கொண்டார்கள், எந்த வேலையை வேண்டுமென்றே மெதுவாகச் செய்தார்கள், யாரைக் கைக்குள் போட்டுக்கொண்டார்கள்? கல்வெட்டு சொல்லாததைச் சொல்லத்தானே நாவல்?

நடுவர்களே, அடிமைப் பெண் வரும் நாவல் உங்கள் மேசைக்கு வந்தால், அவள் பொய் சொல்கிறாளா, ஒளித்துவைக்கிறாளா, ஆளை ஏமாற்றுகிறாளா என்று பாருங்கள். சாட்டையடியை மட்டும் மூன்று பக்கம் வர்ணித்திருந்தால் மதிப்பெண்ணைக் குறையுங்கள். எழுத்தாளர்களே, திருப்பாம்புரம் இங்கிருந்து அரை நாள் பயணம்தான். கல்வெட்டு படிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு கிளம்புங்கள். வண்டிச் செலவில் என் பங்கைத் தந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
கல்லுக்கட்டி பக்கத்து வாசகி ஒருத்தி