இரண்டு நிமிடச் சான்றிதழை நம்பி மணல் வாங்காதீர்கள்: வடிவமைப்பு, கொள்முதல் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு வணக்கம்.

போன மாதம் திறந்த எண்ணெய்க் கிணற்றைப் பற்றிய அறிக்கை உங்களுக்கு வந்திருக்கும். அதில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். மூன்றாம் நாள் இரவு, கிணற்றிலிருந்து வரும் ஓட்டத்தை மட்டுப்படுத்தும் சோக் வால்வில் கரகரவென்று சத்தம். கழற்றிப் பார்த்தால், கடினமான டங்ஸ்டன் கார்பைடில் செய்த துளையே ஒரு பக்கமாக அரித்துப் போயிருந்தது. எண்ணெயோடு வரும் மணலைப் பிடிக்கும் மணல் பொறியைத் திறந்து ஒரு கை அள்ளினேன். எண்ணெய் வருவதற்காகப் பாறையில் உண்டாக்கிய பிளவு மூடிவிடாமல் தாங்க, நாங்கள் அதற்குள் செலுத்தியது 40/70 மெஷ் (சல்லடை அளவு) மணல். எவ்வளவு பொடி மணலானாலும் விரலுக்கிடையில் மணி மணியாக உருளும். இது மாவு மாதிரி வழுக்கியது.

சான்றிதழில் அந்த மணல் தேறியிருக்கிறது, சரி. ஆனால் அதற்கான நசுக்குச் சோதனையில் உலர்ந்த மணலை இரண்டே நிமிடம்தான் அழுத்திப் பிடிக்கிறார்கள். தூள் 10 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் தேறிவிடும். கிணற்றுக்குள் அதே மணல் சூட்டிலும் ஈரத்திலும் வருடக்கணக்கில் பாறையைத் தாங்க வேண்டும். அந்தச் சுமையும் ஒரே அளவில் நிற்பதில்லை. பிளவை மூடப் பார்க்கும் பாறையின் அழுத்தம் 8,000 பிஎஸ்ஐ (அழுத்த அலகு), அதை எதிர்த்து நிற்கும் கிணற்றின் அடித் திரவ அழுத்தம் 5,000 என்றால் மணல் தாங்குவது மீதி 3,000. உற்பத்திக்கு அவசரப்பட்டு சோக்கை அகலத் திறந்து கிணற்றின் அடி அழுத்தத்தை 1,500க்கு இறக்கினால், அதே மணலின் தலையில் 6,500. சாதாரண மணல் பலவும் அந்தச் சுமையில் நொறுங்கும். நொறுங்கிய தூள் மணிகளின் இடுக்குகளை அடைத்துக்கொள்கிறது. எண்ணெய் வருவதற்காகத் திறந்த வழியை நாமே மூடிவிடுகிறோம்.

அதனால்தான் கேட்கிறேன்: வந்து இறங்கும் ஒவ்வொரு லோடிலும் மாதிரி எடுத்து, அந்தக் கிணறு கடைசியில் கொடுக்கப்போகும் முழு அழுத்தத்தில் நசுக்கிப் பார்த்த பிறகே செலுத்தச் சொல்லுங்கள்.

டன்னுக்கு எவ்வளவு மிச்சம் என்று கணக்குப் பார்க்கிறீர்கள். அரித்துப்போன வால்வும் நின்றுபோன நாட்களும் அந்தக் கணக்கில் வருவதே இல்லை. மணல் கொட்டும் இடத்தில் நிற்பவர்களின் நுரையீரலும் வருவதில்லை. அங்கே பறப்பது சிலிக்கா தூசி. அதனால் வரும் சிலிக்கோசிஸைக் குணப்படுத்த மருந்து கிடையாது. இதை எத்தனை முறைதான் சொல்வது?

கோபத்தில் குரல் உயர்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அடுத்த கிணற்றுக்கு மணல் வரும் வாரம் வருகிறது. முதல் லாரியிலிருந்தே மாதிரி எடுக்க தயவுசெய்து அனுமதி கொடுங்கள். சல்லடைகளைக் கழுவிக் காயவைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
கிணற்றுத் தளத்தில் வேலை செய்யும் ஒருவன்