திருவிழா நோட்டீசில் எங்கள் பேரும் இருக்கட்டும்: ஊர்க் கமிட்டிகளுக்கு ஒரு தவில்காரன் எழுதும் மடல்

ஊர்ப் பெரியவர்களுக்கும், கமிட்டித் தலைவர்களுக்கும், நோட்டும் பேனாவுமாக வீடு வீடாக ஏறித் தலைக்கட்டு வரி வாங்கும் தம்பிகளுக்கும் வணக்கம்.

நான் தவில் வாசிக்கிறவன். மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கத்து ஊர்களில் இருபத்தாறு வருசமாக நையாண்டி மேளம். உங்களில் பாதிப் பேருக்கு என் முகம் தெரியும், எந்த ஊர்க்காரன் என்பதும் தெரியும், பேர் தெரியாது. இந்த மடலிலும் என் பேரைப் போடவில்லை, ஏனென்றால் இது என் ஒருத்தன் சங்கதி இல்லை, எங்கள் பக்கத்து எல்லா செட்டுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

இப்போது மார்கழி. சென்னையில் சபாக்களுக்கு இது சீசன், எங்களுக்கு இது தவிலைப் பிரித்து மூட்டு அடிக்கிற மாசம். ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் தோல் இளகிக் கிடக்கும், அதைச் சரிபண்ணி, துணியைப் பசை தடவி விரலில் சுற்றிக் காயவைத்துப் புதுக் கூடு செய்து, பூவரசங்குச்சி நாலு சீவி வைத்தால்தான் தை பிறக்கும்போது கையில் வேலை நிற்கும். தையில் கல்யாணங்கள், மாசியில் சிவராத்திரிக்குக் குலசாமி கும்பிட வருகிறவர்கள், பங்குனி தொடங்கி ஆடி முடியும் வரைக்கும் ஊர்ப் பொங்கல், முளைப்பாரி, பூக்குழி. வருசத்தில் அந்த ஆறேழு மாசம்தான் எங்களுக்குச் சம்பாத்தியம், எங்களுக்குச் சந்தோசமும் அந்த ஆறேழு மாசம்தான். மிச்ச மாசத்தில் பெயிண்ட் அடிக்கிறவர் இருக்கிறார், கொத்தனாருக்குக் கையாள் போகிறவர் இருக்கிறார். வேன் ஏறி மேளத்தை மடியில் வைத்துக்கொண்டு அடுத்த ஊருக்குப் போகும்போதுதான் நாங்கள் நாங்களாக இருக்கிறோம்.

தையில் நீங்கள் வெற்றிலை பாக்கோடு மேளம் பேச வருவதற்கு முன்னால் இதைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. பேச வந்த இடத்தில் ரேட்டு பேசவே நேரம் சரியாகப் போய்விடுகிறது.

போன பங்குனியில் ஒரு ஊர். ஊர்ப் பேர் வேண்டாம், எனக்கு அந்த ஊர் மேல் பாசம் உண்டு. விடியற்காலை பஸ்ஸை விட்டு இறங்கி டீக்கடையில் நின்றோம். சுவரில் அந்த வருசத்து நோட்டீஸ், நல்ல கலர் பிரிண்ட். எங்கள் செட்டில் மூத்தவர் நாதஸ்வரம் வாசிக்கிற அண்ணன், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழே விரலை வைத்து வாசித்தார். நன்கொடையாளர்கள் பேர் இருந்தது. பந்தல் போட்டவர், சீரியல் பல்பு கட்டியவர், சமையல்காரர், ஸ்பீக்கர் செட்டு, நோட்டீஸ் அடித்த அச்சகம், எல்லார் பேரும் போன் நம்பரோடு இருந்தன. எங்களைப் பற்றி இருந்தது ஒரே வரி: 'மேளதாளம் முழங்க அம்மன் வீதி உலா'. அண்ணன் அந்த ஊருக்கு முப்பது வருசமாக வாசிக்கிறார். கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டு டீயைக் குடித்தார், ஒன்றும் சொல்லவில்லை.

அவர் வீட்டுத் தகரப் பெட்டியில் அவருடைய அப்பா காலத்து நோட்டீஸ்கள் இருக்கின்றன. நான் பார்த்திருக்கிறேன். மஞ்சளும் ரோஸும் கலந்த மட்டமான தாள், மடிப்பு மடிப்பாகக் கிழிந்திருக்கும். ஆனால் நடுவில் பெரிய எழுத்தில் நாதஸ்வரம் இன்னார், தவில் இன்னார் என்று ஊர்ப் பேரோடு போட்டிருக்கும். அந்தப் பேரைப் பார்த்து நாலு மைல் நடந்து வந்து கேட்டவர்கள் இருந்தார்களாம். ஒரு தாளில் இரண்டு வரிதான், அதை வைத்துத்தான் அடுத்த ஊர்க்காரன் தேடி வந்தான், அதை வைத்துத்தான் எங்கள் அண்ணனும் இந்தத் தொழிலுக்கே வந்தார்.

எங்கள் தொழிலில் பேர் சின்ன விசயம் இல்லை. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை காலத்துக்கு முன்னால் நாதஸ்வரக்காரர்கள் மேல்சட்டை இல்லாமல், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றபடிதான் வாசிக்க வேண்டியிருந்தது. அவர் கோட்டுப் போட்டார், முடியை கிராப் வெட்டிக்கொண்டார், மற்ற வித்வான்களைப் போல மேடையில் உட்கார்ந்து வாசிப்பேன் என்றார். அவர் 1956-ல் காலமானார். அதற்கு ரொம்பப் பின்னால்கூட, எனக்கு எட்டு வயசு இருக்கும்போது, ஒரு ஊரில் என் அப்பாவைத் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டச் சொன்னதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அப்பா எடுத்துக் கட்டினார். அன்றைக்கு அவர் வாசித்த மாதிரி வேறு எந்த நாளும் வாசித்ததாக ஞாபகம் இல்லை, அவ்வளவு வேகம், அவ்வளவு கோபம். இப்போது யாரும் துண்டைப் பற்றிப் பேசுவதில்லை, அது நல்லதுதான். ஆனால் 'ஏ மேளம், இங்க வா' என்கிற குரல் இன்னும் இருக்கிறது, அதையும் நீங்கள் கேட்டிருப்பீர்கள்.

நாங்கள் யார் என்பதிலேயே பலருக்குக் குழப்பம். எங்கள் அண்ணன் ஊதுவதும் நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடைந்த குழல்தான். அந்த ஊர் நாதஸ்வரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது நாங்களும் சந்தோசப்பட்டோம். அதே குழலைக் கோயில் மண்டபத்தில் ராகம் விரித்து வாசித்தால் வித்வான். தெருவில் கரகத்துக்கு முன்னால் ஆடிக்கொண்டே வாசித்தால் மேளக்காரன். நல வாரிய அட்டையில் 'நாட்டுப்புறக் கலைஞர்' என்று இருக்கிறது, அந்தச் சொல் எனக்குப் பிடிக்கும், நாட்டுப்புறம் என்பதில் குறைச்சல் ஒன்றும் இல்லை. எங்களிடமும் கீர்த்தனை உண்டு, முதல் உருப்படி அதுதான். அப்புறம் தெம்மாங்கு, காவடிச் சிந்து, கும்மி மெட்டு, ஊர் கேட்டால் சினிமாப் பாட்டும். ஒரே ராத்திரியில் இவ்வளவையும் வாயிலும் கையிலும் வைத்திருக்க வேண்டும்.

நையாண்டி என்றால் கேலி. அந்தப் பேர் ஏன் வந்தது என்று யாரோ ஆராய்ச்சி பண்ணட்டும், எனக்குத் தெரிந்த அர்த்தம் தெருவில் இருக்கிறது. முறைமாமன் ஒருத்தன் புதுச் சட்டையில் தலையைச் சீவிக்கொண்டு குறுக்கே போனால் நாதஸ்வரம் அவனைப் பின்னாலேயே தொடர்ந்து ஒரு கேள்வி கேட்கும், தவில் அதற்குப் பதில் சொல்லும், பம்பை சிரிக்கும், ஒரு வார்த்தையும் இல்லாமல் தெருவே புரிந்துகொள்ளும். அவன் வெட்கப்பட்டு ஓடினால் அவன் நடைக்கே தாளம் போடுவோம்.

அதெல்லாம் உச்சத்துக்கு வருவது கடைசி நாள் மஞ்சள் நீராட்டில். முந்தின ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை, காலை பத்து மணி வெயில், தார் ரோடு காலைச் சுடும். சந்துக்குச் சந்து பெண்கள் குடத்திலும் சொம்பிலும் மஞ்சத் தண்ணியோடு நிற்பார்கள். மாமன் மச்சான் ஒருத்தன் தப்ப முடியாது. ஒரு ஊரில் பாட்டி ஒருத்தி, எண்பது வயசு இருக்கும், கொழுந்தனைத் தேடி வீட்டுக்குள்ளேயே போய் அவர் கட்டிலில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோது தலையில் கவிழ்த்துவிட்டாள், அவர் கஞ்சிச் சட்டியோடு எழுந்து ஆட ஆரம்பித்துவிட்டார். எங்களுக்கும் விழும். வேட்டி, பனியன் எல்லாம் மஞ்சள். ஆனால் தவில் தோலில் தண்ணி பட்டால் சத்தம் செத்துவிடும் என்று அந்தப் பெண்களுக்குத் தெரியும். 'மேளத்து மேல ஊத்தாதீங்கடி' என்று ஒரு குரல் வரும், ஒருத்தி தன் முந்தானையை எடுத்துத் தவில் மேல் போர்த்துவாள், போர்த்திவிட்டு என் முதுகில் ஒரு சொம்பு ஊற்றுவாள். இருபத்தாறு வருசத்தில் எனக்குக் கிடைத்த மரியாதைகளில் அந்த முந்தானையைத்தான் நான் பெரிசாக நினைக்கிறேன்.

இப்போது அந்தத் தெருவுக்கு டிராக்டரில் ஸ்பீக்கர் வருகிறது.

போன சீசனில் சாமி அழைப்பு நடந்த ஒரு ராத்திரியைச் சொல்கிறேன். சாமியாடிக்கு அருள் வர வேண்டும். உறுமியோ தவிலோ, வாசிக்கிறவன் அவர் முகத்தையும் கால் பெருவிரலையும் பார்த்துக்கொண்டுதான் வாசிப்பான். மூச்சு மாறும், விரல் மண்ணைக் கிளறும், அப்போது நடையைக் கொஞ்சம் இறுக்கிப் பிடிக்க வேண்டும், சீக்கிரம் இறுக்கினால் கலைந்துவிடும், தாமதித்தாலும் கலைந்துவிடும். பெண்கள் குலவை போட்டால் அதற்கு இடம் விட்டு, குலவை இறங்குகிற இடத்தில் தவில் எடுக்க வேண்டும். இதை எனக்கு யாரும் பாடமாகச் சொல்லித் தரவில்லை, அப்பாவுக்குப் பின்னால் தாளம் தட்டிக்கொண்டு நின்று பத்து வருசம் பார்த்துப் பார்த்து வந்தது. அன்றைக்குச் சரியாக அந்த நேரத்தில் மேடைப் பக்கம் ஆடல் பாடல் நிகழ்ச்சிக்கு மைக் டெஸ்ட் ஆரம்பித்தது. பெட்டிபெட்டியாக அடுக்கிய ஸ்பீக்கர், நெஞ்சுக்குள் இடிக்கிறது. என் தவில் எனக்கே கேட்கவில்லை. சாமியாடி கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். அவருக்கு அறுபது வயசுக்கு மேலே, காப்புக் கட்டி எட்டு நாள் விரதம் இருந்தவர். கமிட்டித் தம்பி ஒருத்தர் ஓடி வந்து, 'சீக்கிரம் முடிங்கண்ணே, அங்க டயம் ஆகுது' என்றார். நான் அந்தத் தம்பியைக் குறை சொல்ல மாட்டேன், அவருக்கு அன்றைக்கு ஆயிரம் வேலை.

ஸ்பீக்கருக்குக் கண் கிடையாது. அதனால்தான் அது சாமியாடி முகம் பார்க்காது, குலவைக்கு இடம் விடாது. சில கோயில்களில் பூசை நேரத்துக்கு மோட்டார் போட்ட மேளம் வைத்துவிட்டார்கள், சுவிட்சைத் தட்டினால் முரசும் மணியும் தானாக அடிக்கும், தீபாராதனை இரண்டு நிமிசம் கூடினாலும் குறைந்தாலும் அதற்கு ஒன்றுதான். தினப் பூசைக்கு ஆள் கிடைப்பதில்லை என்கிறார்கள். ஆள் இருக்கிறோம், கூப்பிட்டால் வருவோம், மாசச் சம்பளம் என்று ஒன்று சின்னதாக இருந்தால் போதும்.

செண்டை மேளம் கூப்பிடுகிறீர்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, கேரளாவிலிருந்து ராத்திரி முழுக்க வண்டியில் வந்து, எங்களைப் போலவே எடையைத் தோளில் தொங்கவிட்டு நின்று வாசிக்கிறவர்கள். கேட்க நன்றாகவும் இருக்கிறது. ஆனால் அவர்களுக்குத் தங்குவதற்கு மண்டபமும் சாப்பாட்டு மேசையும் ஏற்பாடு பண்ணுகிற நீங்கள், முப்பது வருசமாக வருகிறவர்களைப் பந்தி முடிந்தபின் கூப்பிடுவதும், படுக்கப் பள்ளிக்கூடத் திண்ணையைக் காட்டுவதும்தான் வலிக்கிறது. கூட வருகிற கரகாட்ட அக்காமார் நிலைமை இன்னும் மோசம். தலையில் கரகத்தை வைத்து, கண்ணிமையால் ஊசி எடுக்கிற வித்தையைப் பயின்றவரிடம் 'அந்த மாதிரி ஆடு' என்று ரூபாயை நீட்டுகிறவனைக் கமிட்டி முதல் ஆளாகத் தடுக்க வேண்டும். அவர்களுக்கும் பிள்ளைகள் இருக்கின்றன.

2020 பங்குனியில் ஊரடங்கு வந்தது ஞாபகம் இருக்கும். அந்த வருசமும் அடுத்த வருசமும் மதுரைச் சித்திரைத் திருவிழாவே ஜனம் இல்லாமல் நடந்தது. இரண்டு சீசன் முழுசாகப் போனது. எங்கள் செட்டில் ஒரு பம்பைக்காரர் அப்போது மேளத்தை விற்றுவிட்டு திருப்பூர் போனவர் திரும்பவே இல்லை. அதற்கப்புறம் திருவிழா வந்தது, ஆனால் இடையில் மேளம் இல்லாமலும் காரியம் ஓடும் என்று ஒரு பழக்கம் வந்துவிட்டதோ என்று எனக்கு ஒரு சந்தேகம். மூன்று நாள் மேளம் பேசிய ஊர்கள் ஒரு நாள் பேசுகின்றன, ஏழு பேர் கேட்டவர்கள் நாலு பேர் போதும் என்கிறார்கள். இரண்டு நாதஸ்வரம், இரண்டு தவில், பம்பை, தமுக்கு, தாளம், இதில் யாரை நான் வீட்டில் விட்டு வருவது?

2025-ல் எங்கள் மதுரை மாவட்டத்துப் பறை ஆசான் வேலு ஆசானுக்கு பத்மஸ்ரீ கொடுத்தார்கள். சாவு வீட்டுக்கு மட்டும் என்று ஒதுக்கி வைத்த பறை அது. அன்றைக்கு நாங்கள் எல்லாம் போனில் ஒருவரையொருவர் கூப்பிட்டுப் பேசிக்கொண்டோம், எங்கள் வீட்டில் பாயசம் வைத்தோம். டில்லியில் அவர் பேரை உரக்க வாசித்தார்கள். டில்லி வரை போக வேண்டாம், ஊர் மந்தையில் எங்கள் பேரை ஒரு தடவை மைக்கில் சொன்னால் போதும் என்றுதான் நான் கேட்கிறேன்.

பணம் கூட்டித் தாருங்கள் என்பதற்காக இந்த மடல் இல்லை, கூட்டித் தந்தால் வேண்டாம் என்று சொல்லவும் மாட்டேன். சாமி இறங்கும் நேரத்துக்கும் முளைப்பாரி கிளம்பும் நேரத்துக்கும் ஸ்பீக்கரை நிறுத்திவையுங்கள், அரை மணியோ முக்கால் மணியோதான். உங்கள் பிள்ளைகள் டிஜே கேட்கட்டும், ஆடட்டும், அந்த வயசு அப்படித்தான். ஆனால் மஞ்சள் நீராட்டுத் தெருவை மட்டும் எங்களிடம் விட்டுவிடுங்கள். ஒரு ராத்திரியாவது மந்தையில் பாய் விரித்து இரண்டு மணி நேரம் எங்களை உட்கார வைத்து வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள், என் அப்பாவுக்கு அது நடந்திருக்கிறது, எனக்கு இன்னும் நடக்கவில்லை. உங்கள் ஊர்ப் பையன் எவனாவது தவிலைத் தொட்டுப் பார்த்தால் விரட்டாதீர்கள். எந்தச் சாதிப் பையனாக இருந்தாலும் நான் சொல்லித் தருகிறேன், கோடை லீவில் வரட்டும், ஒரு பைசா வேண்டாம்.

அப்புறம் நோட்டீஸ். எங்கள் செட்டில் ஏழு பேர். ஏழு பேரின் பேரையும் ஊரையும் யார் எந்த வாத்தியம் என்பதையும் ஒரு தாளில் எழுதி, பிழை இல்லாமல் மகளை விட்டுத் திருத்தி, தவில் உறைக்குள் வைத்திருக்கிறேன். தையில் நீங்கள் வரும்போது அச்சாரத்தை வாங்கிக்கொண்டு அந்தத் தாளைக் கொடுப்பேன். அச்சகத்துக்கு அனுப்பும்போது அதையும் சேர்த்து அனுப்புங்கள்.