சைலோவின் உச்சியையும் பராமரிப்பு அட்டவணையில் சேருங்கள்

சிமெண்ட், நிலக்கரிச் சாம்பல், மாவு, சர்க்கரை முதலான பொடிப்பொருள்களைச் சைலோக்கள் எனும் உயரமான கலன்களில் தேக்கிவைக்கும் ஆலைகளின் நிர்வாகத்தினருக்கும் பராமரிப்புத் துறைப் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

பொருள் இறங்காமல் நின்றால்தான் சைலோவின் நினைவு நமக்கு வருகிறது. அடியிலிருந்து பொருளை வெளியேற்றும் ரோட்டரி வால்வும் ஸ்க்ரூ கன்வேயரும் பழுதானால் உற்பத்தியை நேரடியாக நிறுத்தக்கூடியவை என்பதால், பராமரிப்புக்கென ஒதுக்கும் ஆளும் பணமும் நேரமும் பெரும்பாலும் அடிப்பகுதியிலேயே தீர்ந்துவிடுகின்றன. உச்சியில், வெளியேறும் காற்றிலிருந்து தூசியைப் பைகளால் பிடிக்கும் பேக் ஃபில்டரையும், உள்ளழுத்தம் மிஞ்சினால் திறக்க வேண்டிய அழுத்த விடுவிப்பு வால்வையும் பார்க்க ஏணியேறிச் செல்பவர் அரிது. சைலோவையே கிழிக்கக்கூடிய கோளாறு அங்கேதான் தொடங்குகிறது என்பதால் இந்த மடலை எழுதுகிறேன்.

டேங்கர் லாரியிலிருந்து சிமெண்டை ஏற்றும் காற்றின் அழுத்தம் 1 முதல் 2 பார் வரை இருக்கும். சைலோவின் கூரையோ அதில் மிகச் சிறிய பங்கைத்தான் தாங்கும். 3 மீட்டர் விட்டமுள்ள கூரையின்மீது வெறும் 0.1 பார் அழுத்தம் உள்ளிருந்து தள்ளினாலும், அது ஏறத்தாழ 7 டன் எடையைத் தூக்கும் விசைக்குச் சமம். இறக்கும் வேலை முடியும் தறுவாயில், டேங்கர் காலியானதும் அதில் மிஞ்சிய காற்று முழுவதும் ஒரே வீச்சில் சைலோவுக்குள் பாய்கிறது. அந்தக் காற்று வெளியேற வேண்டிய வழி ஃபில்டர். பைகளை உதறிச் சுத்தம் செய்யும் அழுத்தக் காற்றில் ஈரம் கலந்திருந்தால், அவற்றின்மேல் சிமெண்ட் பொறுக்குத் தட்டி வழி அடைபடும். அப்போது காக்க வேண்டியது விடுவிப்பு வால்வு. ஆனால் முந்தைய நிரப்பலில் கசிந்த பொடி அதன் விளிம்பில் படிந்து, ஈரம் பட்டு இறுகிப்போயிருந்தால், அது திறக்காது. கையால் தூக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும் குறை இது. கூரை விளிம்பின் வெல்டிங் விட்டுப்போகும் வரை அதை யாரும் அறியாமலிருப்பதற்குக் காரணம், அந்தச் சோதனை எந்த அட்டவணையிலும் எழுதப்படாததுதான்.

அடிப்பகுதியில் நாம் செய்யும் பழுதுபார்ப்பும் பல நேரங்களில் பழுதையே வளர்க்கிறது. எந்த ஆலையிலும் ஹாப்பரின் (சைலோவின் கூம்பு வடிவ அடிப்பகுதி) சுவரை உற்றுப் பாருங்கள்: அடைப்பை இறக்க அடித்த சுத்தியலடியால் விழுந்த பள்ளங்கள் நெருக்கமாகத் தெரியும். ஒவ்வொரு பள்ளமும் உட்புறத்தில் ஒரு புடைப்பு. அதில் பொருள் தங்கி, அடுத்த அடைப்புக்கு அதுவே படியாகிறது. உண்மையான காரணம் பெரும்பாலும் கிழிந்துபோன ஏரேஷன் பேடோ (பொடி இளகி இறங்கக் காற்றூதும் திண்டு), ஈரக்காற்றோ, பல நாள் அசையாமல் கிடந்து இறுகிய பொருளோதான். இவற்றைச் சரிசெய்ய ஷட்டவுன் கேட்டால் தயக்கம் வருகிறது. சுத்தியலுக்கு அனுமதி கேட்கவே தேவையில்லை.

அதையும் தாண்டி, அடைப்பை உடைக்க ஆளை உள்ளே இறக்குவது எக்காரணத்துக்காகவும் கூடாது. பாலம்போல் இறுகி நிற்கும் பொருள் எப்போது சரியும் என்று யாராலும் சொல்ல முடியாது. சரிந்தால் சில விநாடிகளில் ஆள் புதைந்துவிடுவார். உட்சுவரில் வேலை இருந்தால், முதலில் வெளியிலிருந்து பொருளை முழுவதுமாக இறக்கி, மின்சாரத்தையும் காற்றையும் துண்டித்துப் பூட்டி, ஆக்ஸிஜன் அளவு 19.5 சதவீதத்துக்குக் குறையவில்லை என்று அளந்து உறுதிசெய்து, வெளியே காவலாளை நிறுத்திய பின்பே உள்ளே நுழைவதற்கான பர்மிட்டில் கையெழுத்திட வேண்டும்.

மாவு, சர்க்கரை போன்ற எரியும் தூசிகள் உள்ள இடத்தில், சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங் தேய்ந்திருப்பதையும் சாதாரணப் பழுதாக எண்ண இயலாது. 2008-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்துச் சர்க்கரை ஆலையொன்றில் 14 பேரைப் பலிகொண்ட வெடிப்பு, சைலோக்களுக்கு அடியில் மூடப்பட்ட கன்வேயரில் தொடங்கியது. அளவுமீறிச் சூடேறிய பேரிங்கே தீமூட்டியிருக்கக்கூடும் என்று விசாரணை கூறியது.

ஆகவே உங்களிடம் கேட்பது இதுதான். ஃபில்டர் பைகள், விடுவிப்பு வால்வு, பொருளின் மட்டத்தைக் காட்டும் லெவல் சென்சார் ஆகியவற்றின் சோதனைக்குத் தனி நாளும் பொறுப்பாளரும் குறியுங்கள். கூரைக்குச் செல்லும் ஏணியும் கைப்பிடிக் கம்பியும் நம்பி ஏறக்கூடிய நிலையில் இருக்கட்டும். நிரப்பும்போது கூரையிலிருந்து தூசி கிளம்புவதைக் கண்டால், டேங்கரை அந்த நொடியே நிறுத்தும் அதிகாரத்தை ஷிஃப்ட் ஆபரேட்டருக்கு எழுத்து மூலம் கொடுங்கள். அப்படி நிறுத்தியதற்காக மறுநாள் அவரிடம் விளக்கம் கேட்காதீர்கள்.

இப்படிக்கு,
சைலோ பராமரிப்புப் பணியிலுள்ள ஒரு பொறியாளர்