காந்தம் ஒட்டினால் கள்ளச் சாமானா?

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

போன மாதம் ஒரு அண்ணை பட்டறைக்கு வந்தார். கையில் பிரிட்ஜ் கதவில் ஒட்டும் ஒரு காந்த ஆமை. அவர் வீட்டு வாசற்படிக்கு நாங்கள் பூட்டிய கைபிடியில் அது ஒட்டிக்கொண்டதாம். "தம்பி, சில்வர் எண்டு சொல்லி இரும்பைப் பூட்டிப்போட்டீங்கள்" என்றார். காந்தத்தோடு வந்த முதல் ஆள் அவர் இல்லை. அதனால்தான் இந்த மடல். பதிலை ஒரு பாலத்திலிருந்து தொடங்குகிறோம்.

ரொறன்ரோ போர்ட் யோர்க் பக்கம் கரிசன் குறொஸிங் என்று ஒரு பாலம் இருக்கிறது. 2019 அக்டோபரில் திறந்தார்கள். நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் மட்டும். உண்மையில் அது இரண்டு பாலம். ஒன்று கிச்சனர் ரயில் பாதைக்கு மேலால் 52 மீற்றர், மற்றது லேக்ஷோர் வெஸ்ட் பாதைக்கு மேலால் 49 மீற்றர். நடுவில் தண்டவாளங்களுக்கிடையே அகப்பட்ட ஒரு முக்கோண நிலம். ஒவ்வொரு பாலத்தையும் ஒற்றை வில்தான் தாங்குகிறது, அதுவும் ஒரு பக்கம் சாய்ந்தபடி. வில்லின் குறுக்குவெட்டும் முக்கோணம். தகட்டை வெல்டிங்கில் ஒட்டி மூலைகளை நேராக எடுப்பது எவ்வளவு வில்லங்கமான வேலை என்று எங்களைப் போன்றவர்களுக்குத் தெரியும். வடிவான வேலை, பொறாமையாக இருக்கிறது!

அந்தப் பாலம் டூப்ளெக்ஸ் எனும் கறள் பிடிக்காத எஃகில், அதாவது ஒரு வகைச் சில்வரில் செய்தது. அந்த ஆமை அங்கேயும் ஒட்டும். சமையலறைச் சில்வரில் பெரும்பாலும் காந்தம் ஒட்டாது. அதன் உள்கட்டமைப்பு வேறு. டூப்ளெக்ஸில் ஏறக்குறையப் பாதி, காந்தம் பிடிக்கிற வகை. கறளைத் தடுப்பது குரோமியம். காற்றுப் பட்டதும் மேலே கண்ணுக்குத் தெரியாத ஒரு தோல் உண்டாகிறது. கீறினாலும் திரும்ப வளரும். ஆனால் பனிக்காலத்தில் கொட்டுகிற உப்பு அந்தத் தோலைத் துளைக்கும். சாதாரண 304 வகைச் சில்வருக்கு உப்பு ஆகாது. நாங்கள் வாசற்படிக்கு எடுக்கிற 2205 டூப்ளெக்ஸில் குரோமியம் 22 வீதம், கூடவே 3 வீதம் மொலிப்டினம் என்ற உலோகம். அதனால் தாங்கும், விலையும் கூடும்.

பாலத்துக்கு ஏன் இவ்வளவு செலவு? கீழே நாள் முழுக்க ரயில் ஓடுகிறது. பெயின்ற் உரிந்தால் ரயில்காரரிடம் அனுமதி கேட்டு, ஓட்டமில்லாத நேரம் பார்த்து, இரவில் தொங்கிக்கொண்டு அடிக்க வேண்டும். திரும்பப் போய்ப் பெயின்ற் அடிக்க முடியாத இடத்தில் முதலிலேயே நல்லதைப் போடுவதுதான் மலிவு.

அதற்காகப் பெயின்ற் கூடாது என்று இல்லை. கொஞ்சம் கிழக்கே, அதே மாதிரித் தண்டவாளத்துக்கு மேலால், சிலி நாட்டுச் சிற்பி பிரான்சிஸ்கோ கசிற்றுவாவின் புவென்ரே டி லூஸ் 2012 இலிருந்து நிற்கிறது, முழுக்க மஞ்சள். அங்கே நிறம்தான் கலை. உங்கள் பின்வளவு டெக்குக்கும் பெயின்ற் அடித்த இரும்பு தாராளம். ஒரு சனிக்கிழமை நீங்களே தூரிகை எடுக்கலாம். உப்புப் படுகிற முன்படிக்குத்தான் நாங்கள் டூப்ளெக்ஸ் என்கிறோம்.

சரி, எங்கள் பிழை ஒன்றையும் சொல்லவேண்டும். தொடக்க காலத்தில் இரும்புக்குப் பாவித்த கம்பித் தூரிகையாலேயே சில்வரையும் தேய்த்தோம். இரும்புத் தூள் ஒட்டி, இரண்டே மாதத்தில் கைபிடி முழுக்கக் கபிலப் புள்ளி. கழற்றிக் கொண்டுவந்து சுத்தம் செய்து திரும்பப் பூட்டினோம். இப்போது தூரிகை, அரைக்கும் தட்டு எல்லாம் வேறு வேறு. சில்வருக்குரியவற்றின் பிடியில் நீல நாடா சுற்றியிருக்கும்.

பனி கரைந்ததும் சவர்க்காரத் தண்ணீரால் ஒருமுறை கழுவிவிடுங்கள். கம்பி நாரும் பிளீச்சும் வேண்டாம். புள்ளி ஏதும் தெரிந்தால் படம் எடுத்து அனுப்புங்கள், வந்து பார்க்கிறோம். புதிய கைபிடி வேண்டியவர்கள் குளிரில் கொங்கிறீற் உறைந்துபோவதற்கு முன்னர், ஒக்டோபருக்குள் சொன்னால் நல்லது.

அன்புடன்,
ஸ்காபரோ பட்டறையிலிருந்து