அரேஞ்சர் பேரையும் போடுங்க சார்

பாட்டு ஆப் நடத்துறவங்களுக்கும், பழைய பாட்டுக்கு உரிமை வச்சிருக்குற ஆடியோ கம்பெனிகளுக்கும்,

வணக்கம். அரேஞ்சர்னா இசையமைப்பாளர் போட்ட மெட்டுக்கு எந்தக் கருவி எங்க, என்ன வாசிக்கணும்னு எழுதிக் குடுக்குறவர், உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்ல. போன வாரம் ஒரு ஆப்ல இசையமைப்பாளர் எம்.கே.அர்ஜுனன் மாஸ்டரோட எழுபதுகள் மலையாளப் பாட்டு ஒண்ணு கேட்டுட்டு கிரெடிட்ஸ தட்டிப் பாத்தா பாடுனவர், எழுதுனவர், இசை, அவ்ளோதான். அவருக்கு அரேஞ்சரா இருந்த ஆர்.கே.சேகர் பேர் எங்கயும் காணோம். கஸ்டமர் கேருக்கு எழுதுனேன், "உங்கள் கருத்துக்கு நன்றி"ன்னு வந்துச்சு, அதோட சரி.

1968ல 'கறுத்த பௌர்ணமி' படத்துல தொடங்கி சேகர் சாகுற வரைக்கும் மாஸ்டருக்கு வலது கை அவர்தான். மாஸ்டர் ஆர்மோனியத்துல மெட்டப் போட்டுக் குடுத்துடுவார், அதுக்கப்புறம் சரணத்துக்கு முன்னாடி புல்லாங்குழலா வயலினா, யாருக்கு என்ன நோட்ஸ்னு எழுதி, ரெக்கார்டிங்ல நின்னு கண்டக்ட் பண்றது எல்லாம் இவர் தலையில. எல்லாரும் ஒண்ணா வாசிக்கிற காலம், ஒருத்தர் பிசகுனா மறுபடி மொதல்லேர்ந்து. தனியாவும் இசையமைச்சார், 1964ல 'பழசி ராஜா' படத்துல வந்த 'சொட்ட முதல் சுடல வரெ' அவர் போட்டதுதான். ஆனா உழைப்பு முக்காவாசி அடுத்தவங்க பேர்ல வந்த படங்களுக்கு.

1976ல 43 வயசுல போயிட்டார். பையனுக்கு 9 வயசு. அவர் ஆசையா வாங்கி வச்ச கீபோர்டு, மத்த கருவிகள வாடகைக்கு விட்டுத்தான் குடும்பம் ஓடுச்சு. அவர் நோட்ஸ் எழுதுன பாட்டு ரேடியோல ஓடிட்டிருந்திருக்கும், வீட்டுக்கு வந்தது என்னமோ வாடகைக் காசு. அந்தப் பையன் ஏ.ஆர்.ரஹ்மான் ஆனதால நமக்கு இந்தக் கதை தெரியுது, அப்படி ஆகாத வீடுங்க எத்தனையோ.

2012 காப்பிரைட் சட்டத் திருத்தத்துல எழுதுனவருக்கும் இசையமைச்சவருக்கும் ராயல்டி உறுதியாச்சு, சந்தோஷம். அரேஞ்சருக்கு சம்பளம் வாங்குன அன்னைக்கே கணக்கு முடிஞ்சுது. நான் காசு கூட கேக்கல, பேரப் போடுங்கன்னுதான் கேக்குறேன். ராத்திரி ரெண்டு மணிக்கு என் மூடு என்னன்னு கண்டுபிடிச்சு பாட்டு போடுற டெக்னாலஜிக்கு ஒரு வரி சேக்க இடமில்லையாம், ஆனா அதே பாட்டுல தடதடன்னு டிரம்ஸ ஏத்தி ரீமிக்ஸ் பண்ணவர் பேர் மட்டும் கொட்டை எழுத்துல வருது!

சரி, வம்பு வேணாம். தயவு செஞ்சு 'இசை'க்குக் கீழ 'அரேஞ்சர்'னு ஒரு வரி விடுங்க. ரெக்கார்டு கவர்லயும் பட டைட்டில்லயும் தேடுனா நெறைய பேர் கிடைக்கும், உங்களுக்கு நேரமில்லன்னா ரசிகர்கள் அனுப்புறதுக்கு ஒரு வழி வைங்க, ரெக்கார்டு சேக்குறவங்க பைசா வாங்காம தேடித் தருவாங்க. அர்ஜுனன் மாஸ்டர் பாட்டுங்கள்ல இருந்தே ஆரம்பிக்கலாம்.

நன்றி.
பழைய பாட்டு கேக்குற ஒருத்தன்