பாதியில் இறங்க நினைக்கும் மருமகனுக்கு

அன்புள்ள மருமகனுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை இரவு நீ அனுப்பிய செய்தியை மூன்று முறை படித்தேன். காலேஜ் போதும் என்றும், ஹெவி லைசென்ஸ் எடுத்து என்னைப் போல லாரியில் ஏறப்போவதாகவும், அம்மாவிடம் நான்தான் பேச வேண்டும் என்றும் எழுதியிருந்தாய். அம்மாவிடம் பேசுவது இருக்கட்டும். முதலில் உன்னிடம் பேச வேண்டியிருக்கிறது. போனில் பேசினால் "சரி மாமா, சரி மாமா" என்று சொல்லி வைத்துவிடுவாய். தக்கலையிலும் மார்த்தாண்டத்திலும் இதே யோசனையில் இருக்கும் பையன்கள் இன்னும் பலர் இருப்பார்கள் என்பதால், உன் பெயரைச் சொல்லாமல் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

லாரித் தொழிலை மட்டமாகப் பேசி உன்னைத் தடுப்பேன் என்று எதிர்பார்க்காதே. 1999-இல் பி.காம். இரண்டாம் ஆண்டோடு நின்று கிளீனராக ஏறியவன் நான். நம் வீட்டு ஓட்டுக்கூரையைப் பிரித்துக் கான்கிரீட் போட்டதும், உன் அம்மாவின் கல்யாணக் கடனில் பாதியை அடைத்ததும் அந்தக் காசுதான். குலசேகரத்தில் விடியுமுன் எழுந்து ரப்பர் பால் வெட்டும் அத்தானின் வருமானம் மழைக்காலத்தில் எப்படி நின்றுபோகிறது என்பதும் எனக்குத் தெரியும். நீ சம்பாதிக்க நினைப்பதில் ஒரு தவறும் இல்லை.

ஆனால் நீ எழுதாமல் விட்ட ஒரு கணக்கு உண்டு. சரக்கு வாகனம் ஓட்ட 20 வயது நிறைந்திருக்க வேண்டும். உனக்கு வருகிற சித்திரையில்தான் 20 முடிகிறது. அது மட்டுமல்ல, கார் ஓட்டும் இலகுரக உரிமம் கையில் வந்து ஓராண்டு ஆன பிறகுதான் ஹெவிக்கு எல்.எல்.ஆரே, அதாவது பழகுநர் உரிமமே, தருவார்கள். உன்னிடம் இருப்பதோ இரு சக்கர வாகன உரிமம் மட்டும். நாளைக்கே காருக்கு எல்.எல்.ஆர். போட்டால் 30 நாள் கழித்து டெஸ்ட், பிறகு ஓராண்டுக் காத்திருப்பு, அதன் பிறகு ஹெவி எல்.எல்.ஆர்., மறுபடி 30 நாள். எப்படிக் குறுக்கினாலும் பதினான்கு மாதம் ஆகும். மெக்கானிக்கல் என்ஜினீயரிங் ஆறாவது செமஸ்டரில் இருக்கும் உனக்குப் படிப்பு முடிய மீதமிருப்பதும் ஏறக்குறைய அவ்வளவுதான். இன்றைக்கே கல்லூரியை விட்டாலும் நீ பெரிய வண்டியின் ஸ்டியரிங்கைத் தொடப்போவது உன் நண்பர்கள் கடைசித் தேர்வு எழுதும் சமயத்தில்தான். அதுவரை என்ன செய்வாய்? கிளீனராக ஏறி, தார்ப்பாய் மடித்துக்கொண்டிருப்பாய்.

இது உனக்குத் தெரியாமல் இருக்காது. ஆகவே அவசரத்துக்குக் காரணம் லாரி அல்ல, நீ தேறாமல் வைத்திருக்கும் அந்த நான்கு அரியர்கள்தான் என்று நினைக்கிறேன். தவறாக இருந்தால் மன்னித்துக்கொள்.

நீ வீடியோக்களில் பார்க்கும் லாரி எப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது. நான் ஓட்டிய லாரி பாதி நாள் நின்றுகொண்டிருந்தது. 2011 மே மாதம் நாக்பூரில் ஒரு கிடங்கின் வாசலில் ரப்பர் ஷீட் லோடோடு நான்கு நாள் கிடந்தேன். உள்ளே இடமில்லை, நாளைக்கு இறக்குகிறோம் என்று ஒவ்வொரு மாலையும் சொன்னார்கள். கேபினுக்குள் உட்கார முடியாத வெயில். வண்டிக்கு அடியில் சாக்கு விரித்துப் படுத்தேன். தண்ணீருக்குச் சாலையைக் கடந்து ஒரு டயர் பஞ்சர் கடைக்குப் போக வேண்டும். அதுவும் வண்டியைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைத்தால்தான். மூன்றாம் நாள், வழிச்செலவுக்குத் தந்த பேட்டா தீர்ந்தது. ஊருக்கு வந்து, காத்துக் கிடந்த நாட்களுக்கான ஹால்டிங் காசு கேட்டபோது, சரக்குக்காரர் தந்தால் தருகிறேன் என்றார் முதலாளி. சரக்குக்காரரோ முதலாளியிடம் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். அந்தக் காசு இன்றுவரை வரவில்லை. நான் ஓட்டிய காலத்தில் நடப்பில் இருந்த 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வேலைக்கு வரம்பு வைத்திருந்தது. அதை எந்த முதலாளியும் எனக்குப் படித்துக் காட்டியதில்லை, நானும் கேட்டதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், அது எனக்குப் பிடித்த பகுதி. தருமபுரியிலிருந்து சேலம் நோக்கி வரும்போது தொப்பூர் கணவாய் இறக்கம் வரும். டீசல் மிச்சம் பிடிக்க அங்கே நியூட்ரலில் விட்டு, பாதி வழியில் பிரேக் பிடிக்காமல் முன்னால் போகும் வண்டியில் மோதியவர்கள் பலர். எந்த கியரில் ஏறுவாயோ அதே கியரில் இறங்கு என்று எனக்குத் தொழில் கற்றுத்தந்த டிரைவர் அண்ணன் சொல்வார். இறங்கி முடித்ததும் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, சுற்றி நடந்து, ஒவ்வொரு சக்கரத்தின் டிரம்முக்கு அருகிலும் புறங்கையைக் கொண்டுபோய்ச் சூடு பார்ப்பார், தொட மாட்டார். ஒரு சக்கரம் மட்டும் மற்றவற்றைவிட அதிகமாகக் கொதித்தால் அங்கே பிரேக் ஒட்டிப் பிடிக்கிறது என்று பொருள். ஏன் அப்படி ஆகிறது என்று அவருக்கும் சொல்லத் தெரியாது, எனக்கும் தெரியாது. உன் புத்தகத்தில் இருக்கிறது. வெப்பம் பற்றிய அந்தத் தாளில்தான் நீ அரியர் வைத்திருக்கிறாய் என்பது வேறு விஷயம்.

கேரளத்தில் விழிஞ்ஞம் துறைமுகம் வந்துவிட்டது, இனி நம் பக்கத்து டிரைவர்களுக்குப் பஞ்சமில்லாத வேலை என்றும் எழுதியிருந்தாய். 2025 மே 2 அன்று பிரதமர் அதை நாட்டுக்கு அர்ப்பணித்தது உண்மைதான். ஆனால் அது முதன்மையாகப் பெரிய கப்பலிலிருந்து சிறிய கப்பலுக்குக் கன்டெய்னர் மாற்றும் துறைமுகம்; அங்கே இறங்கும் பெட்டியெல்லாம் களியக்காவிளை வழியாகச் சாலைக்கு வருவதில்லை. கல் ஏற்றிப் போகும் டாரஸ் என்னும் பெரிய லாரிகளைப் பார்த்து எதிர்காலத்தைக் கணக்கிடாதே. தொழிலில் நல்ல மாற்றங்களும் வருகின்றன: 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் பெரிய லாரிகளுக்கு ஏ.சி. கேபின் கட்டாயம் என்று அறிவித்தார்கள். நாக்பூரில் கிடந்தபோது அது இருந்திருந்தால் என்று நினைத்துக்கொண்டேன்.

சரக்கு வாகன உரிமத்தை ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். அதற்கு மருத்துவரின் சான்று வேண்டும். 2022-இல் எனக்குச் சர்க்கரையால் கண்ணில் பாதிப்பு என்று சொல்லிச் சான்று தர மறுத்துவிட்டார் மருத்துவர். அவர் செய்தது சரி. அன்று எனக்கு வயது 43. நாகர்கோவிலில் ஒரு பார்சல் கிடங்கில் சேர்ந்தேன். என்னைவிடப் பாதி வயதுள்ள ஒரு பெண் கம்ப்யூட்டர் முன் அமர்ந்து, சரக்கோடு போக வேண்டிய மின்னணுச் சீட்டான இ-வே பில் போடுகிறாள், 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று வண்டிக்குக் கெடு கணக்கிடுகிறாள். நான் உருப்படி எண்ணுகிறேன். எந்த வண்டி எங்கே தாமதமாகும் என்று அவளுக்கு நான்தான் சொல்லித்தருகிறேன். மேலாளராகும் வாய்ப்பு வந்தபோது டிகிரி இருக்கிறதா என்று கேட்டார்கள். பி.காம். இரண்டாம் ஆண்டு வரை என்பதற்கு விண்ணப்பத்தில் கட்டமே இல்லை.

நீ மெக்கானிக்கல் படிக்கிறாய். மோட்டார் வாகன ஆய்வாளர் வேலைக்கு மெக்கானிக்கல் அல்லது ஆட்டோமொபைல் படிப்போடு கனரக வாகன உரிமமும் பணிமனை அனுபவமும் கேட்டு வந்திருக்கிறார்கள். நீ ஒன்றுக்கு ஒன்று எதிர் என்று நினைக்கும் இரண்டையும் சேர்த்துக் கேட்டு வந்த வேலை அது. கிடைக்கும் என்று நான் வாக்குத் தரவில்லை. படிப்பை விட்டால் விண்ணப்பிக்கவே முடியாது என்று மட்டும் சொல்கிறேன். படித்து முடித்த பிறகும் லாரிதான் வேண்டும் என்றால், உன் அம்மாவிடம் நானே பேசுகிறேன்; நல்ல முதலாளி ஒருவரிடமும் சேர்த்துவிடுகிறேன்.

இந்த வாரமே காருக்கு எல்.எல்.ஆர். போடு. அந்த உரிமம் வந்து உனக்கு 20 வயதும் முடிந்ததும், மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை அதிலேயே ஓட்டலாம். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அப்படித் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. செமஸ்டர் விடுமுறையில் எங்கள் கிடங்கின் மினி லாரியில் வாழைக்குலை லோடு ஓட்டு, கூலி வாங்கித்தருகிறேன். சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு வந்தால் டெல்லி வண்டிக்குத் தார்ப்பாய் கட்டுவார்கள். கயிற்றில் டிரைவர் முடிச்சுப் போடுவதை உனக்குக் காட்டுகிறேன். வரும்போது அரியர் தேர்வுக் கட்டண ரசீதைக் கொண்டுவா. இன்னும் கட்டவில்லை என்றால் கடைசித் தேதி எது என்று மட்டும் இன்றிரவு எனக்கு எழுது, பணம் போட்டுவிடுகிறேன்.

அன்புடன்,
மாமா