பென்சிலால் எழுதிய பெயருக்கு நன்றி

வணக்கம்.

1990 ஆகஸ்டில், போருக்குத் தப்பி இந்தியாவுக்குப் புறப்பட்டபோது, இலங்கையின் மன்னார்த் தீவிலுள்ள பேசாலைக் கரையில் என் தம்பியும் நானும் பிரிந்தோம். எனக்கு 14 வயது, அவனுக்கு 9. அம்மாவும் அப்பாவும் ஏற்கெனவே இல்லை. அம்மம்மாதான் எங்களை அழைத்துக்கொண்டு புறப்பட்டார். முதல் வள்ளத்தில் பெண்களும் வயதானவர்களும் ஏறட்டும் என்றார் ஓட்டி. தம்பியைத் தன் பிள்ளைகளோடு அடுத்த வள்ளத்தில் கூட்டிவருவதாகப் பக்கத்து வீட்டு மாமா சொன்னார். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான். விடிந்ததும் அவனைப் பார்த்துவிடலாம் என்று நினைத்து ஏறினேன். மறுபடி பார்க்க 21 ஆண்டுகள் ஆயின்.

நாங்கள் மீண்டும் ஒருவரையொருவர் கண்டடையக் காரணமானவர்களுக்கு இந்த மடல். பலருடைய பெயர் எனக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் பெயர் வேண்டாம் என்றுவிட்டார்கள்.

தனுஷ்கோடிக்கு முன்னால் மணல் தீடை ஒன்றில் எங்களை இறக்கிவிட்டு வள்ளம் திரும்பிவிட்டது. அங்கிருந்து எங்களைக் கரை சேர்த்த இராமேஸ்வரத்து மீனவ அண்ணன்மாருக்கு முதல் நன்றி. குடிக்க வைத்திருந்த தண்ணீர் முழுவதையும் எங்களுக்கே தந்தீர்கள். மாலைவரை அந்தப் பக்கமே பார்த்திருந்து, வேறு வள்ளம் எதுவும் வரவில்லை என்று மண்டபம் முகாமுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனீர்கள்.

மண்டபத்திலிருந்து எங்களை அனுப்பிய முகாமின் அலுவலகத்தில் இருந்த எழுத்தர் ஐயாவுக்கு என்ன சொல்வது? தலைக்கணக்கு எடுக்கும் ஒவ்வொரு முறையும் "எத்தனை பேர்?" என்று கேட்பீர்கள். அம்மம்மா "மூன்று பேர்" என்பார். நிற்பது இரண்டு பேர். பொய்க்கணக்கு காட்டி உதவித்தொகை கேட்கிறாள் கிழவி என்று வரிசையில் முணுமுணுத்தவர்கள் உண்டு. நீங்கள் ஒரு நாளும் அவரை அதட்டவில்லை. பதிவேட்டின் ஓரத்தில், எங்கள் இருவர் பெயருக்கும் கீழே, தம்பியின் பெயரைப் பென்சிலால் எழுதினீர்கள். "மையால் எழுத எனக்கு அதிகாரம் இல்லை, ஆத்தா. இப்படி இருக்கட்டும்" என்றீர்கள். அன்றிரவுதான் அம்மம்மா வயிறாரச் சாப்பிட்டார்.

சந்திரகாசன் அவர்கள் 1984இல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தின் தொண்டர் ஒருவர் முகாமுக்கு வருவார். அவரும் எங்களைப்போல் அகதிதான். செஞ்சிலுவைச் சங்கத்தின் வழியாகத் தேடலாம் என்று சொன்னவர் அவர். முதல் விண்ணப்பத்துக்கு, அந்தப் பெயரில் எவரும் இல்லை என்று பதில் வந்தது. அவர் தாளை மடித்து வைத்துவிடவில்லை. ஒரு மாலை முழுவதும் என்னருகில் உட்கார்ந்து கேள்வி கேட்டார். யாரோடு விட்டீர்கள்? அவருடைய பெயர் என்ன? தம்பிக்குக் காயத்தழும்பு உண்டா? வீட்டில் எப்படிக் கூப்பிடுவீர்கள்? அந்தக் கடைசிக் கேள்விதான் என் தம்பியைத் தந்தது.

நடந்தது இதுதான். மாமாவின் வள்ளம் கடற்படையின் வெளிச்சத்தைக் கண்டு பாதியில் திரும்பியிருக்கிறது. பிறகு அவர்கள் மடுவுக்குப் போனார்கள். தேவாலய வளாகத்தில் ஐ.நா. அகதிகள் ஆணையம் நிவாரண மையம் நடத்திய காலம் அது. பெற்றோர் இல்லாத பிள்ளை என்றால் வேறெங்காவது பிரித்து அனுப்பிவிடுவார்களோ என்று பயந்து, தம்பியைத் தன் மகன் என்று மாமா பதிந்துவிட்டார். எங்கள் அப்பாவின் முதலெழுத்து போய், மாமாவின் முதலெழுத்து வந்தது. அந்தப் பொய்யால்தான் எங்கள் முதல் விண்ணப்பம் திரும்பியது. மாமா, அதற்காக உங்கள்மீது எனக்கு அணுவளவும் வருத்தம் இல்லை. நான்கு பிள்ளைகளுக்கே சோறு போதாத குடிலில் ஐந்தாவது தட்டை வைத்தவர் நீங்கள்.

மடுவில் தனியே வந்த பிள்ளைகளின் விவரங்களை ஓர் அப்பியாசக் கொப்பியில் குறித்து வைத்திருந்த அருட்சகோதரிக்கு நன்றி. தம்பி இரவில் அழுதபோது சொன்ன வீட்டுப் பெயரையும் எழுதி வைத்திருந்தீர்கள். அந்தப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. அதை அறிந்த எங்கள் வீட்டாரில் மிஞ்சியிருப்பது நாங்கள் இருவர் மட்டும்.

செஞ்சிலுவைக் கடிதம் திறந்த கடிதம். வழியில் யாரும் படிக்கலாம். குடும்பச் செய்தி தவிர வேறெதுவும் எழுதக்கூடாது. 1993 தொடக்கத்தில் வந்த முதல் கடிதத்தில் தம்பி எழுதியிருந்தது மூன்று வரி. பள்ளிக்கூடம் போகிறேன். நீச்சல் தெரியும். அம்மம்மாவுக்கு முழங்கால் வலி எப்படி? எழுத்து வாசிக்கத் தெரியாத அம்மம்மா அந்தத் தாளை எடுத்துக்கொண்டு நேராக எழுத்தர் ஐயாவிடம் போனார். "இப்போது மையால் எழுது" என்றார். பென்சில் எழுத்தை நீங்கள் அழிக்கவில்லை, ஐயா. அதற்குப் பக்கத்தில் மையால் "மடுவில் நலம்" என்று எழுதினீர்கள். அம்மம்மா அடுத்த ஆண்டு காலமானார்.

2009 மே மாதத்தில், போரின் இறுதி நாட்களில், அவன் மறுபடி தொலைந்தான். அந்த ஏழு வாரங்களைப் பற்றி என்னால் எழுத முடியாது. செட்டிகுளம் மெனிக் பாம் முகாமின் வேலிக்கு உள்ளேயிருந்து அவன் நீட்டிய துண்டுத்தாளை வாங்கிப்போய், வவுனியாவிலிருந்து என்னை அழைத்த பஸ் நடத்துநர் தம்பிக்கு நன்றி. அழைப்புக்கான காசைக்கூட நீங்கள் பேசவில்லை.

2011இல் நாடு திரும்ப விரும்பியபோது பயணத்துக்கு உதவிய ஐ.நா. அகதிகள் ஆணைய அலுவலர்களுக்கும், வெளியேறும் அனுமதிக்காக என்னோடு அலைந்தவர்களுக்கும் நன்றி. கட்டுநாயக்க விமான நிலையத்தில், தன் வீட்டுப் பெயரை எழுதிய அட்டையைப் பிடித்தபடி 30 வயது ஆண் ஒருவன் நின்றான். வந்தவர்கள் எல்லோரும் அந்த விசித்திரமான பெயரைப் பார்த்துவிட்டுக் கடந்து போனார்கள்.

தம்பி இன்றும் மாமாவின் முதலெழுத்தோடுதான் கையொப்பம் இடுகிறான். மாற்றிக்கொள்ளலாம் என்று அதிகாரிகள் சொன்னபோது வேண்டாம் என்றுவிட்டான். இந்த மடலின் கீழும் அப்படியே ஒப்பமிட்டிருக்கிறான்.

அன்புடன்,
வேறு வேறு முதலெழுத்துகள் கொண்ட
அக்காவும் தம்பியும்